பாப்பாவுக்கு, உன் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தியாயம் கிடைத்தது. நடை நன்றாகத் தெளிந்திருக்கிறது, அப்பாவிடமும் சொன்னேன். அவர் முழங்கால் பரவாயில்லை. அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாய்.

1950களில் சுமார் 4 லட்சம் பேர் அயர்லாந்தை விட்டுப் போனதை ஆறு பக்கம் எழுதியிருக்கிறாய். அரைப் பக்கம் போதும். வரலாறு பெருத்தால் நாவல் காணாமல் போய்விடும், வைவா வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அங்கேதான் விழும். அந்த இடத்தை கொலம் டோபீனின் 'புரூக்ளின்' நாவலின் கடைசிப் பகுதிக்குக் கொடு.

அமெரிக்காவுக்குப் போன நாயகி எய்லிஷ், ஊருக்குக் கிளம்புமுன் அங்கே காதலித்த டோனியை ரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறாள். அயர்லாந்தில் சொந்த ஊரான எனிஸ்கார்த்திக்கு வந்து அம்மாவிடம் மூச்சு விடுவதில்லை. முன்பும் டோனி விஷயத்தை அக்கா ரோஸுக்கு மட்டும், அவள் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதியவள்தானே. இதையெல்லாம் 'சுயநிர்ணயம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அம்மாவுக்கு மூன்று வரி. அது போதாது.

டோபீன் படர்க்கையில் எழுதினாலும் எய்லிஷின் மனதை விட்டு வெளியே போகமாட்டார். அம்மா என்ன நினைத்தாள் என்று புத்தகத்தில் எங்கும் கிடைக்காது. அவள் செய்வதையும் கேட்பதையும் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். செத்துப்போன ரோஸின் துணிகளை எடுத்துக் காட்டுகிறாள். அமெரிக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்காததால் தெரியாது என்று எடுத்துக்கொள்ளாதே. ஊர்க் கடைக்காரி மிஸ் கெல்லி அந்தக் கல்யாண விஷயத்தைப் போட்டு உடைத்த பிறகு எய்லிஷ் தானாக வந்து சொல்கிறாளே, அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடு. அம்மாவின் கேள்விகளை ஒரு நிறத்திலும், எய்லிஷ் பதில் சொல்லாமல் விடுகிற இடங்களை இன்னொரு நிறத்திலும் கோடு போடு. பையன் நல்லவனா என்றுதான் கேட்கிறாள், திட்டவில்லை. பிறகு இப்போதே ஒரே தடவையாக விடைபெற்றுக்கொள்கிறேன் என்று படுக்கப் போய்விடுகிறாள். வாதத்தை அங்கிருந்து தொடங்கு. இதன் தொடர்ச்சியாக 2024இல் வந்த 'லாங் ஐலண்ட்' நாவலிலிருந்து ஆதாரம் எடுத்து 2009இல் வந்த இந்த நாவலுக்குப் பொருள் சொல்லாதே. அது தனிப் பகுதியாக வரட்டும்.

கிளேர் கீகனின் 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்' நாவலைப் பற்றி எழுதியது அருமை. 1985 கிறிஸ்துமஸ், நியூ ராஸ், கரி வியாபாரி ஃபர்லாங், ஊரே வாயை மூடிக்கொண்ட மடம்: தேவைக்கு ஒரு வரி கூடவில்லை. அப்படிப் பெண்களை அடைத்து வேலை வாங்கிய கடைசி மக்தலேன் சலவைக்கூடம் 1996இல்தான் மூடியது, அயர்லாந்து அரசு மன்னிப்புக் கேட்டது 2013இல். இரண்டு வருஷத்தையும் சேர்த்துக்கொள். இரண்டு நாவலிலும் ஒரு மிஸஸ் கீஹோ வருகிறாள், கவனம். இங்கே ஃபர்லாங்கை எச்சரிக்கிற சாப்பாட்டுக்கடைக்காரி, அங்கே புரூக்ளினில் எய்லிஷ் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரி. அடிக்குறிப்பில் குழப்பியிருக்கிறாய்.

இஷிகுரோவை ஒப்பிட வேண்டுமென்றால் ஒரு காட்சி போதும். 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே' நாவலில் அப்பா மாடியில் சாகிறார், கதை சொல்கிற பட்லர் ஸ்டீவன்ஸ் கீழே விருந்தினருக்குப் பரிமாறிக்கொண்டே இருக்கிறார். அழுகிறீரா என்று மற்றவர்கள் கேட்பதால்தான் நமக்கே தெரிகிறது. அங்கே பேசுகிறவனே மறைக்கிறான், 'புரூக்ளின்' நாவலில் கதாசிரியர் மறைக்கிறார். இந்த வித்தியாசத்தை எழுதாவிட்டால் ஒப்பீடு வீண்.

மறுபடியும் சொல்கிறேன், அந்தக் கடைசிப் பக்கங்களைப் படி. கம்பளி போட்டுக்கொள். போனில் "ம்", "சரிம்மா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாய். அக்காவும் உன் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுகிறாள். எனக்கு ஒரு மிஸ் கெல்லி வந்து சொல்ல வேண்டாம் பாப்பா. ஞாயிற்றுக்கிழமை அங்கே மத்தியானம் இரண்டு மணிக்குக் கூப்பிடு. பக்கத்தில் யாராவது இருந்தால் அவரிடமும் கொடு, பேசுகிறேன்.

அம்மா