எல்லாக் கார்டும் சமமாக இருந்தால் என்ன ஆகும்?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பெரியவன் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான். அவனோடு உட்கார்ந்து மேஜிக் என்ற கார்டு ஆட்டம் ஆடிய ஞாயிற்றுக்கிழமைகள் இப்போது வெறிச்சென்று இருக்கின்றன. அதனால்தானோ என்னவோ, கயலும் ஆட ஆரம்பித்துவிட்டாள், ஆடுவதற்கான கார்டுக் கட்டை, அதாவது டெக்கையும் அவளே தேர்ந்து கட்டுகிறாள் என்று நீ எழுதியதைப் படித்த கையோடு பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு விஷயம் கேட்டிருக்கிறாய். இத்தனை ரேர் கார்டு இருந்தும் கயல் ஏன் தோற்றுக்கொண்டே இருக்கிறாள் என்பது ஒன்று. யாரும் சீண்டாத கார்டுகளை எதற்கு அச்சடிக்கிறார்கள், எல்லாவற்றையும் சமபலத்தில் செய்தால் என்ன குறைந்துபோகும் என்பது இன்னொன்று. இரண்டாவதைக் கோபமாகவே கேட்டிருக்கிறாய். கார்டு பாக்கெட் விற்கத்தான் இந்த வேலை என்கிறாய். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சமபலம் என்பது கேட்க நியாயமாக இருக்கிறதே தவிர, அது நிஜமாகவே நடந்துவிட்டால் டெக் கட்டுவதில் திறமைக்கு வேலையே இருக்காது. எதை எடுத்து வைத்தாலும் ஒன்றுதான் என்றால் யோசிக்க என்ன இருக்கிறது? அதனால் இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். கயலுக்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

சமமாகச் செய்ய முயலவில்லை என்று நினைக்காதே. மேஜிக்கை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதம் படித்தவர். 1993-இல் வந்த முதல் தொகுப்பிலேயே, ஆட்டத்தின் ஐந்து நிறங்களில் நிறத்துக்கு ஒன்றாக ஐந்து கார்டுகள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். ஐந்துக்கும் செலவு 1 மானா, அதாவது கார்டை ஆடச் செலவழிக்கிற சக்தி. ஐந்தும் ஏதோ ஒன்றை 3 கொடுக்கும். ஹீலிங் சால்வ் 3 லைஃப், அதாவது உயிர்ப் புள்ளி தரும். ஜயன்ட் குரோத், களத்தில் சண்டை போடும் ஒரு கிரியேச்சருக்கு அந்த டர்ன் மட்டும் 3 பலம் கூட்டும். லைட்னிங் போல்ட் 3 டேமேஜ். டார்க் ரிச்சுவல் 3 கறுப்பு மானா. ஆன்செஸ்ட்ரல் ரீகால் 3 கார்டு. தாளில் பார்த்தால் இதைவிடச் சமமாக எழுத முடியாது. ஆட்டத்தில் நடந்தது வேறு. ஹீலிங் சால்வைப் போட்டியில் யாரும் மதிப்பதில்லை. லைட்னிங் போல்ட் முப்பது வருடம் கழித்தும் டெக்குகளில் இருக்கிறது. ஆன்செஸ்ட்ரல் ரீகால் பவர் நைன் என்று சொல்கிற மிகப் பலமான ஒன்பது பழைய கார்டுகளில் ஒன்று. வின்டேஜ் என்ற போட்டி வகையில் டெக்குக்கு ஒன்றுதான் அனுமதி, லெகசி என்ற வகையில் முழுத் தடை.

ஏன் இப்படி? 3 லைஃப் கூடினால் களத்தில் எதுவும் மாறவில்லை. எதிரியின் கிரியேச்சர் அங்கேயே நிற்கிறது, அடுத்த டர்னும் அடிக்கும். 3 டேமேஜ் அந்தக் கிரியேச்சரையே எடுத்துவிடும், தேவைப்பட்டால் நேராக எதிரியையும் சுடும். ஆனால் 3 கார்டு என்றால், உன் டெக்கில் உள்ள எதுவாகவும் அது ஆகலாம். லைஃப், டேமேஜ், மானா எல்லாமே கார்டிலிருந்துதானே வருகின்றன?

டார்க் ரிச்சுவல் கதை இன்னும் ருசியானது. அது தனியாக ஒன்றுமே செய்யாது. ஒரு கார்டைத் தூக்கிப் போட்டு இரண்டு மானா லாபம், அவ்வளவுதான். 1995-இல் ஐஸ் ஏஜ் தொகுப்பில் நெக்ரோபொட்டன்ஸ் என்று ஒரு கார்டு வந்தது. செலவு 3 கறுப்பு மானா. வழக்கமாக டர்னுக்கு ஒன்று எடுக்கிற கார்டை இனி எடுக்க முடியாது; அதற்குப் பதிலாக, 1 லைஃப் கொடுத்தால் ஒரு கார்டு, எத்தனை வேண்டுமானாலும். வந்த புதிதில் பலர் இதைக் குப்பை என்றே ஒதுக்கினார்கள். உயிரைக் கொடுத்துக் கார்டு வாங்குவதா என்று தோன்றியது. இப்போது இப்படிப் பார். நீ முதலில் ஆடுகிறாய், கையில் 7 கார்டு. மானா தரும் லேண்ட் கார்டுகளில் ஒன்றான ஸ்வாம்பை வைக்கிறாய், அதில் வந்த மானாவில் டார்க் ரிச்சுவல், அந்த 3 மானாவில் நெக்ரோபொட்டன்ஸ். கையில் மிச்சம் 4. 20 லைஃபில் 3 கொடுக்கிறாய். டர்ன் முடியும்போது கையில் மறுபடி 7 கார்டு. எதிரி இன்னும் ஒரு லேண்ட்கூட வைக்கவில்லை! 1996-இல் போட்டிகளை ஆட்டிப்படைத்தது இந்த டெக்தான். கார்டில் ஒரு எழுத்தும் மாறவில்லை. பார்த்த கண் மாறியது, பக்கத்தில் வைத்த கார்டு மாறியது.

மற்ற ஆட்டங்களிலும் இதையே பார்க்கலாம். யூ-கி-ஓவில் பாட் ஆஃப் கிரீட் இரண்டு கார்டு எடுக்கச் சொல்லும். அங்கே மானா மாதிரி எதுவும் கிடையாது, ஆகவே செலவே இல்லை. அதை வைக்காத டெக்கே இருக்க முடியாது என்ற நிலை வந்தது, தடைப் பட்டியலில் போட்டார்கள். ஆனால் போகிமானில் கையில் இருப்பதையெல்லாம் போட்டுவிட்டு 7 கார்டு எடுக்கிற கார்டு சகஜமாகப் புழங்குகிறது. அது சப்போர்ட்டர் வகை, டர்னுக்கு ஒரு சப்போர்ட்டர்தான் ஆடலாம் என்ற விதி அதைக் கட்டிப்போடுகிறது. ஆக, ஒரு கார்டு பலமா பலவீனமா என்பதைக் கார்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. விதி, செலவு, கூட இருக்கிற கார்டுகள், எதிரே இருக்கிற டெக், எல்லாம் சேர்ந்துதான் சொல்லும். டெக் கட்டுகிறவர் தேடுவது இந்த மேடுபள்ளத்தைத்தான்.

இதைச் சொல்லிவிட்டு உன் கோபத்தில் நியாயம் இருக்கிற இடத்தையும் சொல்லியாக வேண்டும். மேடு மலையாகிவிட்டால் அதுவும் ஆட்டத்தைக் கொன்றுவிடும். 2004-இல் வந்த ஸ்கல்கிளாம்ப்தான் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது. செலவு 1, கிரியேச்சருக்கு மாட்ட இன்னொரு 1. மாட்டினால் அதன் தாக்கும் பலம் 1 கூடும், தாங்கும் பலம் 1 குறையும், அது செத்தால் உனக்கு 2 கார்டு. அந்தக் குறைவு தயாரிப்பின் கடைசிக் கட்டத்தில் செய்த மாற்றம். பார்த்தால் குறை மாதிரிதான் இருக்கிறது. ஆனால் தாங்கும் பலம் 1 மட்டுமே உள்ள சின்னக் கிரியேச்சருக்கு மாட்டினால் அது அந்த நொடியே சாகிறது. 1 மானாவுக்கு 2 கார்டு, மறுபடி இன்னொன்றுக்கு மாட்டு, மறுபடி 2 கார்டு. பிப்ரவரியில் வந்த கார்டு, ஜூனிலேயே ஸ்டாண்டர்ட் என்ற போட்டி வகையில் தடை. அந்த இடைப்பட்ட காலத்தில் எல்லோரும் ஒன்று அதை வைத்தார்கள், இல்லையென்றால் அதை உடைப்பதற்கென்றே டெக் கட்டினார்கள். மூன்றாவது வழி அடைபட்டுப்போயிற்று. இதுதான் என் அளவுகோல்: பலமான கார்டு இருக்கலாம், ஆனால் அது மற்ற யோசனைகளையெல்லாம் அர்த்தமற்றதாக்கக் கூடாது.

அச்சிட்ட கார்டில் எண்ணைத் திருத்த முடியாது, தடைதான் போட முடியும். ஹார்த்ஸ்டோன் மாதிரி கணினியில் ஆடுவதில் அந்தச் சிரமம் இல்லை. அண்டர்டேக்கர் என்ற கார்டு தாக்கும் பலம், தாங்கும் பலம் இரண்டிலும் வளர்ந்துகொண்டே போய் அட்டகாசம் செய்தபோது, 2015 ஜனவரியில் தாக்கும் பலம் மட்டும் வளரும்படி மாற்றிவிட்டார்கள். வசதிதான். இருந்தாலும் நான் உழைத்துக் கட்டிய டெக் ஒரு ராத்திரியில் வேறொன்றாகிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. தடை நேர்மையானது என்று தோன்றுகிறது.

சரி, கயலுக்கு வருகிறேன். நீ அனுப்பிய பட்டியலை எழுத்தெண்ணிப் படித்தேன். 60 கார்டில் 20 லேண்ட். 5 மானாவும் அதற்கு மேலும் செலவாகிற கார்டுகள் 14. கிட்டத்தட்ட எல்லாம் ஒவ்வொரு பிரதி. தனித்தனியாகப் பார்த்தால் நல்ல கார்டுகள்தான், அவள் ரசனையில் குறையே இல்லை. ஆனால் கணக்கு அவளுக்கு எதிராக நிற்கிறது.

20 லேண்ட் வைத்தால் முதல் 7 கார்டில் லேண்டே இல்லாமலோ ஒன்றே ஒன்றோ வருவது நான்கு கைக்கு ஒரு கை. 24 வைத்தால் அதுவே ஏழு கைக்கு ஒன்றாகக் குறைகிறது. நாலே நாலு கார்டு! மாற்றிவைக்க மனசு வராது, ஏனென்றால் லேண்ட் பார்க்க அழகாக இல்லை, அதற்காக ஒரு டிராகனை வெளியே எடுக்க வேண்டும். ஆனால் ஆட முடியாமல் கையிலேயே கிடக்கிற டிராகனால் என்ன பிரயோசனம்? பிரதிகளும் அப்படித்தான். ஒரு கார்டு ஒன்றே ஒன்று இருந்தால் முதல் கையில் வர வாய்ப்பு 12 சதவீதம்கூட இல்லை. நான்கு வைத்தால் 40 சதவீதம். அவள் எந்தக் கார்டை நம்பி ஆடுகிறாளோ அதை நான்காக்கச் சொல். மேஜிக்கில் 60-ஐத் தாண்டாமல் இருப்பதே நல்லது என்று சொல்வதும், யூ-கி-ஓவில் 60 வரை அனுமதி இருந்தும் பலர் 40-ஐ ஒட்டியே நிற்பதும் இதனால்தான். அங்கே மூன்று பிரதி வைத்த கார்டு 40-இல் முதல் ஐந்துக்குள் வர 34 சதவீதம். 60-இல் அது 23 ஆகிவிடுகிறது.

அப்புறம் மானா கர்வ், அதாவது எத்தனை மானா செலவில் எத்தனை கார்டு என்ற அடுக்கு. இதைச் சொல்ல 1996-இல் வந்த ஸ்லை என்ற சிவப்பு டெக்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. யோசனை ஜே ஷ்னைடருடையது, ஆடிய பால் ஸ்லையின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. 1 மானாவுக்கு இத்தனை, 2 மானாவுக்கு இத்தனை என்று எண்ணி அடுக்கி, ஒவ்வொரு டர்னும் இருக்கிற மானாவை மிச்சமில்லாமல் செலவழிப்பதுதான் திட்டம். அந்த டெக்கைப் பார்த்தால் உனக்கு ஆச்சரியமாக இருக்கும், அதில் நிறைய நீ சொல்கிற சீண்டாத கார்டுகள். அயர்ன்கிளா ஆர்க்ஸ் என்று ஒன்று: 2 மானாவுக்கு 2/2, அதாவது தாக்கும் பலமும் தாங்கும் பலமும் 2; ஆனால் தாக்கும் பலம் 2-ம் அதற்கு மேலும் உள்ளதை அதனால் தடுக்க முடியாது. பெரிய குறை. ஆனால் எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கிற டெக், தடுக்கவே நினைக்காத டெக், அதற்கு இந்தக் குறையால் நஷ்டம் என்ன? எதுவுமில்லை. எதிரி தன் 5 மானா அரக்கனுக்காகக் காத்திருக்கும்போது இது மூன்று முறை அடித்துவிட்டுப் போயிருக்கும். பலவீனமான கார்டு எதற்கு என்று கேட்டாயே சேகர், அதற்கு என் பதில் இந்த ஆர்க்ஸ்தான். தன் டெக்குக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஒருவர் கையில் அது பலவீனமாக இல்லை. எல்லாச் சின்னக் கார்டுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது, வாய்க்காமலே போனவை ஏராளம். ஆனால் எது வாய்க்கும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாதது எனக்குப் பிடித்திருக்கிறது.

கயலிடம் ஒரு கேள்வி மட்டும் கேள்: இந்த டெக் எந்த டர்னில், எதை வைத்து ஜெயிக்க நினைக்கிறது? அவள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டால், அந்த வாக்கியத்துக்கு உதவாத கார்டு ஒவ்வொன்றையும் வெளியே எடுக்கலாம். கார்டு சேர்ப்பது சுலபம், பிடித்த கார்டை எடுப்பதில்தான் திறமை இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கையில் ஆட முடியாமல் மிஞ்சியவை எவை என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கட்டும். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் போக வேண்டியது. ஒரு தடவைக்கு இரண்டு மூன்று கார்டுக்கு மேல் மாற்ற வேண்டாம். மொத்தமாக மாற்றினால் எதனால் ஜெயித்தோம், எதனால் தோற்றோம் என்றே தெரியாது. நெட்டில் ஜெயித்த டெக்கை அப்படியே எடுத்து ஆடலாமா என்று கேட்டால், தாராளமாக ஆடட்டும். அதில் ஒவ்வொரு எண்ணும் ஏன் அப்படி இருக்கிறது என்று யோசித்து ஆடினால் அதுவும் நல்ல படிப்புதான்.

டிராகன்கள் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லாதே. அவளுக்கு மிகவும் பிடித்த ஒன்றை நான்காக வைத்து, அது வரும்வரை உயிரோடு இருக்க உதவும் 1, 2 மானா கார்டுகளால் மிச்சத்தை நிரப்பட்டும். அப்போது அது டிராகன் டெக்காகவே இருக்கும், ஆனால் டிராகன் களத்துக்கு வரும்.

புதுப் பட்டியலை அவளையே எழுதி அனுப்பச் சொல். விடுமுறைக்கு நீங்கள் இங்கே வரும்போது என் பழைய சிவப்பு டெக்கோடு அவள் ஆட வேண்டும். விட்டுக்கொடுத்து ஆட மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிடு. அம்மாவைக் கண்ணுக்கு மருந்து நேரத்துக்குப் போடச் சொல், வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

என்றும் உன்,
ரவி