வேப் திரையில் தெரியும் வெப்பநிலை எங்கிருந்து வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மின்னியல் சிகரெட் எனப்படும் வேப் குறித்துத் தமிழ் வாசகர்கள் எழுதும் கடிதங்களில் பெரும்பாலானவை, அதனை முற்றாகத் தடை செய்ய வேண்டுமா என்பதையே பேசுகின்றன. அது பேசப்பட வேண்டியதுதான். மலேசிய மாநிலங்களான ஜொகூரும் கிளந்தானும் பல ஆண்டுகளுக்கு முன்பே விற்பனைக்குத் தடை விதித்தன. திரெங்கானு 2025 ஆகஸ்ட் முதல் நாளில் அவற்றுடன் சேர்ந்தது. ஆயினும், விற்பனை சட்டப்படி நடைபெறும் இடங்களில் ஒரு கருவியை வாங்கச் செல்லும் பெரியவர்களிடம் என்ன சொல்லி அது விற்கப்படுகிறது என்பதை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. "இதில் வெப்பநிலைக் கட்டுப்பாடு இருக்கிறது, நீங்கள் வைத்த அளவைத் தாண்டாது, பயமே வேண்டாம்" என்று கூறி விற்கப்படும் உள்ளங்கை அளவுக் கருவிகளைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன்.

நான் தொழிற்சாலைகளில் வெப்பநிலை, அழுத்தம் ஆகியவற்றை அளக்கும் கருவிகளைப் பராமரிக்கும் தொழில்நுட்பர். நெடுங்காலம் சிகரெட் பிடித்தவன். சிகரெட்டை விடுவதற்கு உதவும் என்று உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் அத்தகைய கருவி ஒன்றைக் கொடுத்தபோது, புகையைவிட அதன் திரையில் தெரிந்த வெப்பநிலை எண்தான் என் கவனத்தை ஈர்த்தது. அவ்வளவு சிறிய பெட்டிக்குள், சூடேறும் ஒரு கம்பிச் சுருளின் வெப்பத்தை எந்த உணரி அளக்கிறது என்று தேடிப் பார்த்தேன். சுருளின் பக்கத்தில் அத்தகைய உணரி எதுவும் இல்லை.

கருவி அளப்பது வெப்பத்தை அன்று, மின்தடையை. சில உலோகங்கள் சூடேறச் சூடேற அவற்றின் மின்தடை ஒழுங்காகக் கூடும். ஆலைகளில் நாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் பிளாட்டின உணரியும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான். 0 பாகையில் 100 ஓமாக இருக்கும் அதன் தடை, 100 பாகை செல்சியஸில் 138.5 ஓமாக உயரும். வேப் கருவியில் சூடேறும் சுருளே உணரியாகவும் பயன்படுகிறது. நிக்கல், டைட்டானியம், 316எல் வகைத் துருப்பிடிக்காத எஃகு ஆகிய கம்பிகள் இதற்கு ஏற்றவை. சாதாரணச் சுருள்களில் உள்ள காந்தல் (Kanthal) என்ற உலோகக் கலவைக் கம்பியின் தடை வெப்பத்தால் பெரிதாக மாறாது என்பதால் அது பயன்படாது. 2014-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த எவால்வ் நிறுவனம் டிஎன்ஏ 40 என்ற மின்சுற்றுப் பலகையில் இந்த வசதியைக் கொண்டுவந்த பிறகு, சீனத் தயாரிப்பாளர்களும் இதனைத் தங்கள் கருவிகளில் சேர்த்துக்கொண்டனர்.

இந்த ஏற்பாட்டின் பயன் உண்மையானது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சுருளைச் சுற்றியுள்ள பஞ்சில் திரவம் இருக்கும்வரை, அது ஆவியாகும்போதே வெப்பத்தை எடுத்துச் சென்றுவிடும். திரவத்தில் உள்ள புரோப்பிலீன் கிளைகால் 188 பாகையிலும் கிளிசரின் 290 பாகையிலும் கொதிப்பவை. பஞ்சு காய்ந்துவிட்டால் வெப்பத்தை எடுத்துச் செல்ல எதுவும் இருக்காது. சுருள் நொடியில் பல நூறு பாகைக்கு ஏறும், பஞ்சு கருகும், எஞ்சிய திரவம் சிதைந்து ஃபார்மால்டிஹைட், அசிடால்டிஹைட், அக்ரோலீன் போன்ற நச்சுப் பொருள்களாக மாறும். அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015 ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், கருவியை 3.3 வோல்ட்டில் இயக்கியபோது தென்படாத ஃபார்மால்டிஹைட் சேர்மங்கள், சுருள் கூடுதலாகச் சூடேறும் 5 வோல்ட்டில் தென்பட்டன. அந்த அளவுக்குக் கருகிய ஆவியை எந்த மனிதனாலும் இழுக்க முடியாது என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தனர். இரு தரப்பும் வாதிட்டது வெப்பத்தைப் பற்றித்தான். ஆகவே, சுருள் ஓர் அளவைத் தாண்டும்போது மின்சாரத்தைக் குறைத்துவிடும் கருவி, அது சரியாக இயங்கும்வரை, சாதாரணக் கருவியைவிட மேலானது என்றே ஒரு தொழில்நுட்பராக நான் கருதுகிறேன்.

சரியாக இயங்குவதற்கான நிபந்தனைகளைத்தான் கடைகளில் சொல்வதில்லை. சுருள் எந்த உலோகம் என்பதைக் கருவிக்குப் பயனர்தான் தெரிவிக்க வேண்டும். நிக்கல், ஒரு பாகைக்கு ஆயிரத்தில் ஆறு பங்கு என்ற அளவில் தடை கூடும் உலோகம். 316எல் எஃகுக்கு அது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. எஃகுச் சுருளைப் பொருத்திவிட்டு, பட்டியலில் நிக்கல் என்று தேர்ந்தெடுத்து, 200 பாகையை வைத்தால் என்ன நடக்கும்? தடை இரு மடங்காகும்வரை 200 பாகை வரவில்லை என்றே கருவி கணக்கிடும். எஃகுச் சுருளின் தடை அந்த அளவுக்கு உயர வேண்டுமானால் அது ஆயிரம் பாகையையும் தாண்டியிருக்க வேண்டும். அதாவது, கட்டுப்பாடு இயங்குவதாகத் திரை காட்டிக்கொண்டிருக்கும்போதே கட்டுப்பாடு என்று எதுவும் இல்லை. புதிய பஞ்சைத் திரவமின்றி உலர்ந்த நிலையில் வைத்து இதனைச் சோதித்துப் பார்த்தேன். எஃகு என்று சரியாகத் தேர்ந்தெடுத்தபோது பஞ்சின் நிறம் மாறவில்லை. நிக்கல் என்று மாற்றியதும் அதே பஞ்சு சில நொடிகளில் கருகியது. திரையில் இருந்த வெப்பநிலை அளவு இரு முறையும் ஒன்றே.

அடுத்தது, குளிர்ந்த நிலையில் சுருளுக்கு இருக்கும் தடை. புதிய சுருளைப் பொருத்தியதும் கருவி அதன் தடையைப் படித்து, அதையே அடிப்படையாக நினைவில் வைத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் சுருள் அறை வெப்பத்தில் இருந்தாக வேண்டும். பல கருவிகள் அறை வெப்பம் என்பதை 20 பாகை என்றே எடுத்துக்கொள்கின்றன. பகலில் 32 பாகை இருக்கும் நம் நாட்டில் இதனால் மட்டுமே பத்துப் பதினைந்து பாகை பிசகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 பாகைக்குச் சூடாகிக் கிடந்த சுருளை அப்படியே எடுத்துப் பொருத்தினால் நிலைமை இன்னும் மோசம். கணக்கிட்டுப் பார்த்தால், எஃகுச் சுருளில் 220 பாகை என்று திரை காட்டும்போது உண்மையான வெப்பம் 265 பாகையை ஒட்டியிருக்கும். இந்தப் பிழை பயனருக்குத் தெரிவதற்கு வழியே இல்லை, ஏனெனில் கருவிக்கே அது தெரியாது.

திருகாணித் தளர்வும் இப்படிப்பட்டதே. 0.5 ஓம் எஃகுச் சுருள் ஒன்று 20 பாகையிலிருந்து 220 பாகைக்குச் சூடேறும்போது அதன் தடை ஏறத்தாழ 0.59 ஓமுக்குத்தான் உயர்கிறது. முழுக் கட்டுப்பாடும் அந்த 0.09 ஓம் வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. சுருளைப் பிடித்திருக்கும் திருகாணி தளர்ந்தோ, இணைப்பு முனையில் திரவம் படிந்து அழுக்கேறியோ 0.02 ஓம் மாறினாலே கணக்கில் 40 பாகைக்கு மேல் பிழை நேரும். சுருள் பொருத்திய பின்னர் தடை கூடினால் கருவி முன்கூட்டியே மின்சாரத்தைக் குறைக்கும். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் தளர்ந்த நிலையில் அடிப்படைத் தடையைப் படித்துவிட்டு, பிறகு திருகாணியை இறுக்கினால் பிழை ஆபத்தான பக்கமாகச் சாயும். ஆலையில் பிளாட்டின உணரிக்கு மூன்று அல்லது நான்கு கம்பிகளை இழுத்து, இணைப்புகளின் தடையைத் தனியாகக் கழித்து, ஆண்டுதோறும் சரிபார்த்துச் சான்றிதழும் வைத்திருக்கிறோம். மனிதர் நுரையீரலுக்குள் இழுக்கும் ஆவிக்கு அந்த ஏற்பாடுகளில் ஒன்றுகூட இல்லை என்பது என்னை மிகவும் வருத்துகிறது.

நான் சென்ற கடையில் இருந்த இளைஞர் அன்பாகப் பேசினார், தெரிந்ததைச் சொன்னார். ஆனால், கருவியோடு வந்த சுருள் எந்த உலோகம் என்று கேட்டபோது அவரால் சொல்ல இயலவில்லை. பெட்டியின் மேல் அது அச்சிடப்படவும் இல்லை. உள்ளே இருந்த சிறு கையேட்டில் ஆங்கிலத்திலும் சீனத்திலும் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துப் புரிந்துகொள்ளும் பொறுமை, சிகரெட்டை விட வேண்டும் என்ற தவிப்போடு கடைக்கு வரும் ஐம்பது வயதுத் தொழிலாளியிடம் இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கக் கூடாது.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2022 ஆகஸ்ட் முதல் இக்கருவிகளுக்கு, தரச் சான்று வழங்கும் சிரிம் நிறுவனத்தின் சான்று முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. 2023 மார்ச் இறுதியில் திரவ நிக்கோட்டின் நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பும் கவலையும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதன் பின் இயற்றப்பட்ட புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் (852-ஆம் சட்டம்) 2024 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்து, 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதையும் இணையவழி விற்பனையையும் தடுத்தது. பொருள்களைப் பதிவு செய்வதையும் கட்டாயமாக்கியது. இவை எல்லாம் நல்ல ஏற்பாடுகளே. சான்று முத்திரையைக் காட்டி, திரையில் உள்ள வெப்பநிலைக்கும் அதுவே உத்தரவாதம் என்பதுபோல் பேசுவதைத்தான் ஏற்க முடியவில்லை. மேலும், வெப்பம் சரியாகக் கட்டுப்பட்டாலும் நிக்கோட்டின் பழக்கம் குறைந்துவிடாது. சிகரெட் பிடிக்காத ஓர் இளைஞர் இதனைத் தொடங்குவதற்கு 200 பாகை என்ற அளவு எந்த நியாயமும் ஆகாது.

எனவே, தங்கள் நாளிதழ் வழியாகச் சுகாதார அமைச்சிடமும் சிரிம் நிறுவனத்திடமும் என் வேண்டுகோளை முன்வைக்கிறேன். வெப்பநிலைக் கட்டுப்பாடு உண்டு என்று விளம்பரம் செய்யும் ஒவ்வொரு கருவியும், உலர்ந்த பஞ்சைக் கொண்டும், உலோகத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்த நிலையிலும் சோதிக்கப்பட வேண்டும். பொருந்தாத உலோகம் என்பதைத் தடை உயரும் வேகத்தைக் கொண்டே கண்டறிந்து நின்றுவிடும்படி மென்பொருளை எழுத முடியும். அவ்வாறு நில்லாத கருவிக்கு வெப்பநிலை எண்ணைக் காட்டும் உரிமை கொடுக்கப்படக் கூடாது. சுருளின் உலோகம் பெட்டியின் மேலும் சுருளின் மேலும் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். "சுருள் ஆறிய பிறகே பொருத்துக" என்ற எச்சரிக்கை மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் இருக்க வேண்டும். இவற்றைப் பதிவு விண்ணப்பத்தின் பகுதியாகவே கேட்டுப் பெறலாம். புதிய சட்டம் எதுவும் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதுவரை, ஏற்கெனவே இத்தகைய கருவியைப் பயன்படுத்தி வரும் வாசகர்கள் தங்கள் சுருள் எந்த உலோகம் என்பதை இன்றே உறுதி செய்துகொள்ளுமாறும், கருகிய வாடை சிறிதளவு வந்தாலும் திரையில் எந்த எண் இருந்தாலும் உடனே நிறுத்திவிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கருவியியல் தொழில்நுட்பர் ஒருவர்,
கிள்ளான், சிலாங்கூர்.