ராக் ஐலண்ட் ஃபார்மால் ஆலையை ஸ்ட்ரைக் மட்டுமா மூடியது? குவாட் சிட்டீஸ் டிராக்டர் துறைத் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

பொங்கல் அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நம்மில் ஒருவர் சொன்னார், "ஃபார்மால் ஃபேக்டரியா? யூனியன்காரங்க ஸ்ட்ரைக் பண்ணியே மூட வெச்சுட்டாங்க." எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான். ஆனால் அந்தப் பேச்சு மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. நாம் எல்லோரும் டிராக்டரை நம்பிச் சோறு சாப்பிடுகிறவர்கள், பாதிப்பேர் டிசைனிலும் டெஸ்டிங்கிலும் இருக்கிறோம். பத்து நிமிட தூரத்தில், இல்லினாய் மாநில ராக் ஐலண்டில், ஒரு டிராக்டர் ஆலைக்கு நடந்த கதையை ஒரே வரியில் முடித்துவிடுவது சரியில்லை என்று பட்டதால்தான் இந்த மடல்.

1924இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி, மோலின் ப்ளவ் கம்பெனியிடமிருந்து ராக் ஐலண்டில் இருந்த ஆலையை வாங்கியது. 1926 முதல் அங்கே அவர்களுடைய ஃபார்மால் என்ற டிராக்டர்கள் வர ஆரம்பித்தன. அதற்கு முன்பு டிராக்டர் என்றால் உழும், பெல்ட் மாட்டினால் கதிரடிக்கும் இயந்திரத்தை ஓட்டும், அவ்வளவுதான். சோளம் முளைத்து வளர்ந்த பிறகு வரிசைகளுக்கு நடுவே களை எடுக்கக் குதிரைதான் வேண்டும். பெர்ட் பெஞ்சமின் குழு வடிவமைத்த ஃபார்மாலில் முன்சக்கரங்கள் ஒட்டி நின்றன, பின் அச்சு உயரமாக இருந்தது, அதனால் பயிரை மிதிக்காமல் வரிசைக்குள்ளே போய் வந்தது. குதிரை லாயம் காலியானதற்கு இந்த ஊர் ஒரு முக்கியக் காரணம். 1974இல் கம்பெனியின் 50 லட்சமாவது டிராக்டர் வெளிவந்ததும் இதே ஆலையில்தான். (நம் ஊர் வயல்களில் ஓடிய மஹிந்திரா பி-275 கூட இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான், 1963இல் மஹிந்திராவும் ஹார்வெஸ்டரும் கூட்டு சேர்ந்து தொடங்கிய கம்பெனி தயாரித்தது.)

சரி, விழுந்தது எப்படி?

என் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். அவரும் அவர் அப்பாவும் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள். போன கோடையில் அவருடைய கராஜில் பேசிக்கொண்டிருந்தபோது மேல் தட்டிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு கியர். கனமாக, எண்ணெய் கறுத்து இருந்தது. மூன்று பல் அடியோடு பெயர்ந்து போயிருந்தது, உடைந்த இடத்தில் விரலை வைத்தால் மணல் போலச் சொரசொரத்தது. "ஃபைவ் சிக்ஸ்டி," என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

1958இல் வந்த ஃபார்மால் 560தான் அது. ஆறு சிலிண்டர் இன்ஜின், 60 குதிரைத்திறனுக்கு மேல். ஆனால் பின்பக்கத்து ஃபைனல் டிரைவ் (பின்சக்கரங்களுக்கு பலத்தைக் கொண்டுபோகும் கடைசி கியர்கள்) அநேகமாக 1939இல் வந்த பழைய மாடல் ஃபார்மால் எம்மில் இருந்த அதே அமைப்பு, 35 குதிரைத்திறன் அளவுக்குப் போட்டது. இன்ஜினை மாற்றியவர்கள் பின் அச்சைத் தொடவில்லை, புது பலத்தோடு வயலில் போதுமான நாள் ஓட்டிப் பார்க்கவும் இல்லை. 1959இல் விவசாயிகளின் வயல்களிலேயே கியர்கள் உடைய ஆரம்பித்தன, கம்பெனி டிராக்டர்களைத் திரும்ப வரவழைத்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. அடுத்த வருடமே, 1960 ஆகஸ்டில், பக்கத்து ஊர் மோலின்காரர்களான போட்டிக் கம்பெனி ஜான் டியர் டல்லாஸில் தங்கள் புதிய வரிசையை இறக்கினார்கள். ஏழு வருடம் ரகசியமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் அடியிலிருந்து புதிதாகச் செய்தது அது. ஹார்வெஸ்டரின் சிவப்பு டிராக்டர் வைத்திருந்த வீடுகளில் ஜான் டியரின் பச்சை நுழைந்தது அப்போதுதான். டிராக்டர் சந்தையில் இருந்த முதலிடத்தை ஹார்வெஸ்டர் திரும்பப் பிடிக்கவே இல்லை.

ஸ்ட்ரைக் வந்தது அதற்கு இருபது வருடம் கழித்து. 1979 நவம்பர் 1 முதல் 172 நாள், 35,000 பேர். நல்ல லாபம் வந்த வருடம் அது. ஆனாலும் ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லத் தொழிலாளிக்குப் பல வருடமாக இருந்த உரிமையை விட்டுக்கொடுக்கச் சொன்னார், ஜெராக்ஸிலிருந்து வந்த தலைவர் ஆர்ச்சி மெக்கார்டல். அந்த ஆறு மாதம் கம்பெனியைப் பலமாக அடித்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சண்டையை மேலிடமும் விரும்பித்தான் இழுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்ட்ரைக் நடுவிலேயே, 1980 ஜனவரியில், சோவியத் யூனியனுக்குத் தானியம் விற்கத் தடை வந்தது. வட்டி 20 சதவீதத்தைத் தாண்டியது. கடன் வாங்கி டிராக்டர் எடுக்கிற விவசாயி எங்கே வாங்குவார்? டீலர் முற்றத்தில் வண்டிகள் நின்றன, கம்பெனியின் கடனோ கழுத்துவரை. 1984 நவம்பரில், கேஸ் என்ற டிராக்டர் கம்பெனியை வைத்திருந்த டென்னகோ, ஹார்வெஸ்டரின் விவசாயப் பிரிவை வாங்குவதாக அறிவித்தது. கேஸுக்கு விஸ்கான்சின் மாநில ரசீனில் ஏற்கெனவே டிராக்டர் ஆலை இருந்தது, இரண்டு வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். 1985 மே 14 அன்று கடைசி டிராக்டர் ராக் ஐலண்ட் லைனை விட்டு இறங்கியது.

நண்பர்களே, நான் கேட்பது இரண்டே விஷயம். யூனியன் மூடியது என்று நம் பிள்ளைகள் முன்னால் இனிமேல் சொல்லாதீர்கள். 2024இல் இதே ஊரில் பணிநீக்கச் செய்தி வந்தபோது நம் வீடுகளிலும் எத்தனை பேர் தூங்காமல் கிடந்தோம். அன்று அந்த வீடுகளிலும் அப்படித்தானே இருந்திருக்கும்?

இன்னொன்று, அலுவலகத்தில். "பழைய பாகத்தையே எடுத்துக்கொள்வோம், டெஸ்ட் நேரத்தைக் குறைப்போம்" என்று மீட்டிங்கில் யாராவது சொல்லும்போது நாம் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. விசா, கிரீன் கார்டு, மேனேஜர் என்ன நினைப்பாரோ என்ற பயம். அந்தப் பயம் எனக்கும் உண்டு, நன்றாகவே தெரியும். ஆனாலும் உங்கள் கணக்கு வேறு சொன்னால், குறைந்தபட்சம் அதை மெயிலில் எழுதியாவது வையுங்கள்.

அந்தப் பெரியவர் ஞாயிறு மதியம் வீட்டில்தான் இருப்பார். நம் ஆட்களைக் கூட்டிவரலாமா என்று கேட்டேன், காபி போட்டு வைக்கிறேன் என்றார். வருகிறவர்கள் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்து போவோம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்