நான் சொன்ன புகார் அதுவல்ல

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை அலுவலகம்.

பொருள்: அந்தமானின் பாராடாங் தீவுக்கான ஒருநாள் பயணம் குறித்த என் புகார் தவறாகப் பதிவானது தொடர்பாக.

ஐயா,

கடந்த பிப்ரவரியில் நானும் மகனும் மருமகளும் ஒன்பது வயதுப் பேத்தியுமாக நால்வர் உங்கள் மூலம் அந்தமான் போய் வந்தோம். ஊர் திரும்பிய மறுநாளே உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். பத்து நாள் கழித்து வந்த மின்னஞ்சலில், அந்தமான் காட்டுப் பழங்குடிகளான ஜாரவாக்களைக் குறிப்பிட்டு என் புகாரை ஒரே வரியில் முடித்திருந்தீர்கள்: "ஜாரவா மக்களைக் காண முடியாததால் வாடிக்கையாளருக்கு அதிருப்தி." அதற்கு ஈடாக அடுத்த பாராடாங் பயணத்துக்கு இருபது சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். கூடவே, "இம்முறை கட்டாயம் பார்க்கலாம்" என்றொரு உறுதி.

நான் தொலைபேசியில் சொன்னது இதற்கு நேர் எதிர். கேட்டவருக்குப் புரியவில்லையா, இப்படி ஒரு புகார் வரும் என்றே அவர் நினைத்துப் பார்க்கவில்லையா தெரியவில்லை. அதனால் எழுத்தில் தருகிறேன்.

நீங்கள் அனுப்பிய பயணத் திட்டத்தின் மூன்றாம் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். "வழியில் காணக்கூடிய வனவிலங்குகள்" என்ற தலைப்பின் கீழ் காட்டுப்பன்றி, புள்ளிமான், உவர்நீர் முதலை, ஜாரவா என்று வரிசையாக இருக்கிறது. முதலைக்கு அடுத்து மனிதர்கள். பணம் கட்டும்முன் நான் அந்தப் பக்கத்தைக் கவனமாகப் படிக்கவில்லை. அது என் தவறு. விடுதி அறையில் பேத்தி அதை வாய்விட்டுப் படித்தபோதுதான் காதில் விழுந்தது. (புள்ளிமான் அந்தத் தீவின் பிராணியே அல்ல, ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விட்டது. முப்பது வருடம் பள்ளியில் புவியியல் நடத்தியவள், சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி ஜிர்காடாங் சோதனைச்சாவடியில் கான்வாய்க்காக, அதாவது காவலோடு வரிசையாகப் போகும் வண்டிக் கூட்டத்துக்காக, காத்திருந்தோம். அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறை வரை சுமார் ஐம்பது கிலோமீட்டர், ஜாரவா காப்பகத்தின் வழியாகப் போகிறது அந்தமான் ட்ரங்க் ரோடு. வண்டியை நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது என்று சாவடியிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். 1956-ஆம் ஆண்டுப் பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறை இன்றும் அமலில் இருக்கிறது, மீறினால் சிறை. அந்தப் பலகைக்குக் கீழே நின்றுகொண்டுதான் உங்கள் வழிகாட்டி ஒரு சீப்பு வாழைப்பழமும் நாலு பாக்கெட் பிஸ்கட்டும் வாங்கி முன் இருக்கையில் வைத்தார். எங்களுக்குக் காலை உணவு என்றுதான் நினைத்தேன்.

வண்டி காட்டுக்குள் நுழைந்ததும், "எல்லாரும் இடப்பக்கம் பாருங்க, போனை ரெடியா வச்சுக்குங்க" என்றார். பிறகு டிரைவரிடம், "அண்ணே, அந்த வளைவுல கொஞ்சம் மெதுவா விடுங்க, பார்ட்டி நல்லா கவனிப்பாங்க." பார்ட்டி என்றது எங்களை. டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கான்வாய் நடுவுல மெதுவா போனா பின்னாடி வர்றவன் என்ன பண்ணுவான்? கண்ணாடியை ஏத்துங்க சார்" என்று மட்டும் சொன்னார். வழி நெடுக வழிகாட்டி அவரிடம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அன்று நாங்கள் யாரையும் பார்க்கவில்லை. அந்த நாளில் எனக்கு நிம்மதி தந்தது அது ஒன்றுதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஜாரவாக்கள் மொத்தம் 380 பேர். 1999-இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. நமக்குச் சாதாரணமாகப் போகும் காய்ச்சலும் இருமலும் அவர்களை என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். காப்பகத்தின் ஊடாகப் போகும் அந்தச் சாலையை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-லேயே உத்தரவிட்டது. சாலை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதில் நானும்தான் போனேன், எனவே முழுக்கக் கை கழுவிவிட என்னால் முடியாது. ஆனால் குகை பார்க்க அந்த வழியாகப் போவது வேறு, வழியில் இருக்கும் மனிதர்களையே காட்சிப்பொருளாக்கி விற்பது வேறு.

சுண்ணாம்புக் குகைப் பகுதியில் குறையொன்றும் இல்லை. அலையாத்திக் காட்டுக்குள் படகு நுழைந்தபோது இரண்டு பக்கக் கிளைகளும் தலைக்கு மேல் கூடிப் பந்தல் போட்டிருந்தன. பேத்தி அதைத்தான் இன்னும் வரைந்துகொண்டிருக்கிறாள். சேற்று எரிமலை அளவில் ஏமாற்றம்தான், ஆனால் அதற்கு நீங்கள் பொறுப்பல்ல.

கிளித்தீவுக்கு நீங்கள்தான் பொறுப்பு. "ஆயிரக்கணக்கான கிளிகள் கூடு திரும்பும் அரிய காட்சி" என்று போட்டுத் தலைக்கு 600 ரூபாய் தனியாக வாங்கினீர்கள். கிளிகள் வந்து சேர்வது பொழுது சாயும்போது. திரும்பும் கடைசி கான்வாயோ பிற்பகலிலேயே கிளம்பிவிடுகிறது. பாராடாங்கில் இரவு தங்காமல் அதைப் பார்க்க வழியே இல்லை. இது உங்களுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. மதியம் ஒரு மணிக்குப் படகிலிருந்து ஒரு திட்டைக் கைகாட்டி, "கிளியெல்லாம் வேலைக்குப் போயிருக்கு" என்று சிரித்தார் வழிகாட்டி. நான் சிரிக்கவில்லை.

எனவே முதல் வேலையாக, உங்கள் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே இருக்கும் அந்த வரியை நீக்கிவிட்டு இந்தக் கடிதத்தைச் சேர்க்க வேண்டும். மூன்றாம் பக்கத்திலிருந்து ஜாரவா என்ற சொல்லை எடுக்க வேண்டும். வேறு தலைப்பின் கீழ் மாற்றி வைத்தாலும் ஏற்க மாட்டேன். கிளித்தீவுக்காக வாங்கிய 2,400 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். எந்த இழப்பீட்டையும்விட முக்கியமாக, மெதுவாக ஓட்ட மறுத்த டிரைவர் மீது நடவடிக்கை ஏதும் எடுத்திருந்தால் அதை ரத்து செய்யுங்கள். உங்கள் மின்னஞ்சலில் "ஓட்டுநரின் ஒத்துழைப்பின்மை குறித்து விசாரிக்கப்படும்" என்ற வரியைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. அன்று அந்த வண்டியில் தன் வேலையைச் சரியாகச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

முப்பது நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தில் மனு கொடுப்பேன். பயணத் திட்டத்தின் மூன்றாம் பக்க நகலை அந்தமான் நிர்வாகத்தின் பழங்குடியினர் நலத்துறைக்கு இன்றே தனியாக அனுப்புகிறேன்.

தள்ளுபடிக் கூப்பனை இத்துடன் இணைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பிப்ரவரி பாராடாங் பயணக் குழுவிலிருந்த வாடிக்கையாளர்

இணைப்பு: பயணத் திட்டம் பக்கம் 3, கிளித்தீவுக் கட்டண ரசீது, கூப்பன்.