எட்டு நாயனமும் ஓர் ஒத்தும்

கும்பகோணம்
20.11.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் உன் அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பேரன் தவிலில் கை வைத்துவிட்டான் என்ற இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். விரலுக்குக் கூடு மாட்ட அவனை அவசரப்படுத்தாதே. தங்கச்சியை நாங்கள் ரொம்பவும் கேட்டதாகச் சொல்.

பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை. சொல்ல வேண்டிய சேதியை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன். நான் நாயனத்தை, நம்ம நாதஸ்வரத்தை, கீழே வைத்துவிட்டேன். வீட்டில் இருந்தவற்றையும் விற்றுவிட்டேன்.

வைகாசித் திருவிழாவில் தெற்கு வீதி திரும்பும்போது உன் தோளில் இரண்டு தடவை இடித்தேன், ஞாபகம் இருக்கிறதா? மூன்றாவது தடவை நாயனத்தின் அடிவாய், அந்த அணசு, போய் உன் தவிலிலேயே மோதியது. 'என்ன மச்சான், கொஞ்சம் ஒதுங்கி நில்லு' என்றாய். நான் ஒதுங்கித்தான் நின்றிருந்தேன் மாப்பிள்ளை. அந்தப் பக்கம் நீ இருப்பதே என் கண்ணில் படவில்லை. தீவட்டி வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் வீட்டு வாசற்படியிலும் கால் தவறியது. கண் டாக்டரிடம் போனேன்.

கிளாக்கோமா என்றார் அந்தம்மா. கண்ணுக்குள் இருக்கிற அழுத்தம் சாதாரணமாக 10லிருந்து 21க்குள் இருக்குமாம். எனக்கு வலது கண்ணில் 34, இடதில் 29. வலியே கிடையாது. ஓரப்பார்வையைத்தான் முதலில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போகும். நேராகப் பார்க்கிறது நன்றாகத் தெரிவதால் ஆள் கவனிக்க மாட்டான். போன பார்வை திரும்பி வராது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். பிறகு என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார்.

அடுத்த முறை வாத்தியத்தையும் கொண்டு வரச் சொன்னார். மருந்து விட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. முதலில் அளந்தபோது வலது கண் 22. மேல் ஷட்ஜத்தில் ஒரு கார்வை பிடியுங்கள் என்றார். பிடித்தேன். பிடித்துக்கொண்டிருக்கும்போதே பேனா மாதிரி ஒரு கருவியைக் கண்ணில் ஒற்றி அளந்தார். 39. சின்ன துவாரத்துக்குள் மூச்சை இறுக்கித் தள்ளும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, தலையிலிருந்து ரத்தம் இறங்குவது தடைப்பட்டு, கண்ணுக்குள்ளும் அழுத்தம் ஏறுகிறதாம். ஊதி முடித்தால் இறங்கிவிடும். ஆனால் ஏற்கெனவே நரம்பு நைந்துபோன கண் எத்தனை தடவை அதைத் தாங்கும் என்று கேட்டார். ஒரு புறப்பாட்டில் நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம் ஊதுகிறவர்கள் நாம். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஒன்பது வயதில் தொடங்கியது. இப்போது எனக்கு 66.

முதல் இரண்டு மாதம் பெட்டியைத் திறக்கவே இல்லை. விடியற்காலை நாலு மணிக்குத் தானாக விழிப்பு வந்துவிடும். படுத்தபடியே கன்னம் இரண்டும் உப்பி உப்பி அடங்கும், உள்ளே பூபாளம் ஓடும். உன் அக்கா இருட்டில் என் கையைப் பிடித்துக்கொள்வாள். ஆவணியில் ஒருநாள் அவள்தான் பெட்டியை எடுத்து நடுக்கூடத்தில் வைத்துத் திறந்தாள். எட்டு நாயனம், சுருதிக்கு ஊதுகிற ஓர் ஒத்து. உனக்குத் தெரியாத வாத்தியம் அதில் ஒன்றும் இல்லை. 2 கட்டைச் சுருதியில் பேசுகிற நீளமான பாரி இரண்டு, நாம் எல்லா ஊருக்கும் கொண்டுபோன இரண்டரைக் கட்டைப் பாரி ஒன்று, 3 கட்டை இடைப்பாரி இரண்டு, குட்டையான திமிரி மூன்று. திமிரிகளில் ஒன்று தாத்தாவுடையது, 5 கட்டை. இன்னொன்று அப்பாவின் வெள்ளிப்பூண் போட்ட நாயனம்.

ஒரு பாரியை எடுத்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். குழல் மரம், அந்த உலவு, வறண்டு கிடந்தது. எச்சில் ஈரமும் மூச்சுச் சூடும் படாமல் போனால் மரம் எப்படி ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நல்லெண்ணெய் விட்டுத் துடைத்தேன். எண்ணெயை மரம் குடித்த வேகத்தைப் பார்த்தபோதுதான் முடிவு செய்தேன். நான் வைத்திருந்தால் இவை விறகாகிவிடும். ஊதுகிறவன் கைக்குத்தான் போக வேண்டும்.

நரசிங்கம்பேட்டைக்குப் போய், நாயனம் கடைகிற நம்ம ஆசாரியை அழைத்து வந்தேன். எட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாரிகள் மூன்றும் பழைய ஆச்சா மரம். ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது எடுத்த உத்தரத்தில் அவருடைய அப்பா கடைந்தது. அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி முற்றின மரம் இனி எங்கே கிடைக்கப்போகிறது என்று சொன்னார். நாதஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளை கேட்டுக்கொண்டதன் பேரில், சுத்த மத்தியமம் சரியாகப் பேசும்படி ரங்கநாதன் ஆசாரி பாரியைச் செய்துகொடுத்த கதையை மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். எத்தனை முறை கேட்டிருப்போம் நாம்! இந்த முறையும் கேட்டேன். தாத்தாவின் திமிரியில் ஜீவசுரத் துளைக்குக் கீழே மயிரிழை விரிசல் இருக்கிறது. அதற்கு விலை போட வேண்டாம் என்றார்.

சேதி பரவியதும் முதலில் வந்தவர் ஒரு தங்கும் விடுதிக்காரர். நல்ல மனிதர், மரியாதையாகப் பேசினார். எட்டையும் மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன், ஒரு லட்சம் தருகிறேன் என்றார். வரவேற்புக் கூடத்தில் கண்ணாடி அலமாரி செய்து, உள்ளே விளக்குப் போட்டு, 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் என்று பலகை வைப்பாராம். பணம் எனக்குத் தேவைதான். சொட்டு மருந்து ஆயுசு முழுக்க விட வேண்டும். ஆனாலும் அந்த அலமாரியையும் அந்த விளக்குச் சூட்டையும் நினைத்தபோது வாய் தானாக 'வேண்டாம் ஐயா' என்றது. அவர் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

அடுத்து வந்தவருக்கு அப்பாவின் நாயனத்தில் இருந்த வெள்ளி மட்டும் போதும். பூணைக் கழற்றி எடை போட்டு அன்றைய விலை தருகிறேன், கட்டையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

தந்தத்தைப் பற்றியும் உனக்குச் சொல்லிவைக்கிறேன், உன் வீட்டில் ஏதாவது இருந்தால் பார்த்துக்கொள். வாயில் வைத்து ஊதுகிற சீவாளிக்கான தாத்தா காலத்து ஊசிகள் இரண்டும், சீவாளியைச் செருகுகிற கெண்டையில் கோர்த்திருந்த வில்லை ஒன்றும் யானைத் தந்தம். அதை வாங்குவதும் விற்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம், பழசு என்றாலும் அப்படித்தான். ஆசாரிதான் எச்சரித்தார். மூன்றையும் கழற்றித் தனியாகப் பொட்டலம் கட்டியிருக்கிறேன். வனத்துறை அலுவலகத்தில் கேட்டு முறைப்படி ஒப்படைக்கப் போகிறேன்.

சரி, எவை எங்கே போயின என்று சொல்கிறேன். இடைப்பாரி இரண்டையும் இசைப்பள்ளியில் படிக்கிற இரண்டு பிள்ளைகள் தலா 6,000 ரூபாய்க்கு வாங்கினார்கள். ஒரு திமிரி சென்னையில் ஒரு கோயில் வித்துவானுக்குப் போயிற்று. 2 கட்டைப் பாரிகளை நமக்குப் பின்னால் வந்த செட்டுக்காரர்கள் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். அப்பாவின் நாயனத்தை, பூணோடு, என் தங்கை மகன் வாங்கிக்கொண்டான். காசு வேண்டாம் என்றேன். 'மாமா, சும்மா வந்தால் சும்மா தொங்கும்' என்று 15,000 ரூபாயைத் தட்டில் வைத்தான். அவன் சொன்னது சரிதான்.

இரண்டரைக் கட்டைப் பாரிதான் எனக்குக் கடினமாக இருந்தது. அந்த நாயனத்தில் நான் வாசித்த தோடி எல்லாவற்றுக்கும் நீதான் சாட்சி. அதற்கு நான்கு பேர் வந்தார்கள். நான்கு பேரையும் வாசிக்கச் சொன்னேன். மூன்று பேர் எடுத்ததும் வேகமாகக் கீர்த்தனைக்குப் போனார்கள். கோவில்பட்டியிலிருந்து வந்த ஒருவர் மட்டும் கீழ்ப் பஞ்சமத்தில் நின்று, அந்த நாயனம் எப்படிப் பேசுகிறது என்று ரொம்ப நேரம் காது கொடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகக் கரகரப்பிரியா எடுத்தார். நாயன மேதை காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்த ஊர்க்காரர் அல்லவா, அந்தக் குழைவு எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாதியில் உன் அக்கா அடுப்படியிலிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அழுதேன் மாப்பிள்ளை, மறைக்கவில்லை. நான் இல்லாமல் அது அவ்வளவு நன்றாகப் பேசும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. 12,000 என்றேன், ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லாமல் கொடுத்தார்.

சீவாளிகளை விற்கவில்லை. திருவாவடுதுறையில் வாங்கியவை, நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றும் என் உதட்டுக்கும் பல் இடைவெளிக்கும் பழகியது, இன்னொருவர் வாயில் அது கத்தும். தாத்தாவின் திமிரியும் அவையும் பெட்டியில் இருக்கின்றன.

அந்தக் கோவில்பட்டிக்காரர் எட்டு வயது மகனையும் அழைத்து வந்திருந்தார். பையன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் ஒத்தைக் காட்டி, 'இதில் ஏன் தாத்தா விரல் வைக்க ஓட்டை இல்லை?' என்று கேட்டான். அவன் அப்பாவே ஒத்து ஊதியதில்லையாம், அவர் காலத்திலேயே சுருதிப்பெட்டி வந்துவிட்டது. ஒன்பது வயதில் அப்பாவுக்குப் பின்னால் நின்று இதைத்தான் நான் மூன்று வருஷம் ஊதினேன் என்று அவனிடம் சொன்னேன். ஒரே சுருதி, ராத்திரி முழுக்க, மூச்சு அறாமல். கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு மூக்கால் இழுக்கப் பழகியதெல்லாம் அதில்தான். நீ முதல் முதலாக எங்கள் செட்டுக்கு வந்த அன்று, தூக்கக் கலக்கத்தில் நான் ஒத்தைக் கைவிட்டு அப்பா திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதையும் சொன்னேன்.

எப்படி என்று காட்டு என்றான். ஊத முடியாதே நான். கொல்லையில் போய் ஒரு பப்பாளி இலைக்காம்பை வெட்டிக்கொண்டு வந்தேன். செம்பில் தண்ணீர் வைத்து, காம்பை அவன் வாயில் கொடுத்து, குமிழி நிற்கவே கூடாது என்றேன். நான் தொடையில் ஆதி தாளம் போட்டேன். முதலில் நாலு எண்ணிக்கையில் நின்றது. மூக்கைத் தொட்டுக் காட்டினேன், கன்னத்தை அழுத்திக் காட்டினேன். சாயங்காலத்துக்குள் ஓர் ஆவர்த்தனம் முழுக்கக் குமிழி வந்துகொண்டே இருந்தது. கிளம்பும்போது ஒத்தை அவன் கையில் கொடுத்தேன். ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டேன், தங்கை மகன் சொன்னது ஞாபகம் வந்தது.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் போன் வருகிறது. அவர் போனைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பாரியில் ராகம் எடுக்கிறார், பின்னால் பையன் ஒத்து. நடுநடுவே அறுந்துபோகிறது, மறுபடி பிடித்துக்கொள்கிறான். பாட டாக்டர் தடை சொல்லவில்லை. அதனால் கோயிலில் வாசிக்கிற மல்லாரியை நான் வாயால் பாடிச் சொல்லிக்கொடுக்கிறேன். தளிகை மல்லாரி முடிந்தது, தேர் மல்லாரி நடக்கிறது. அவருக்குக் கம்பீர நாட்டை சுலபமாக வருகிறது, காலம் மாற்றுகிற இடத்தில்தான் தடுமாறுகிறார். நான் தாளம் போட்டுச் சரிசெய்கிற விஷயம் இல்லை அது. பக்கத்தில் தவில் இருக்க வேண்டும்.

பொங்கல் கழிந்த வாரம் அப்பனும் பிள்ளையும் இங்கே வந்து மூன்று நாள் தங்குகிறார்கள். நீ வர வேண்டும். தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம், உட்கார்ந்து வாசித்தால் போதும். கோவையில் காலை ஜன சதாப்தியில் ஏறினால் பிற்பகல் இங்கே இறங்கிவிடலாம், ஸ்டேஷனுக்கு ஆட்டோவோடு வந்து நிற்கிறேன். தவிலைப் பேரனிடம் கொடுத்து அவனையும் கூட்டிக்கொண்டு வா, ஒத்துக்காரப் பையனுக்குத் துணையாக இருக்கும். வரும்போது என் வலது பக்கமாக வந்து நிற்காதே, தெரியாது. இடது பக்கம் வா.

உன் மச்சான்