வேடந்தாங்கலில் அமைதி, கடற்கரையில் கூத்தா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வேனும் காரும் ஏற்பாடு செய்து, சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ஆட்களை அழைத்துப் போகும் நண்பர்களுக்கு வணக்கம்.

தை பிறந்துவிட்டால் உங்கள் விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். காடும் கடலும் ஒரே பயணத்தில். வேடந்தாங்கல், பிச்சாவரம், கோடியக்கரை, நடுநடுவே கடற்கரை ரிசார்ட்டில் இரவுத் தங்கல். பாதையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தமிழ்நாட்டில் இதைவிட நல்ல சாலைப் பயணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை (மலைப் பிரியர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்). என் வழக்கெல்லாம் உங்கள் அட்டவணையோடுதான். பறவைகள் சரணாலயத்துக்கு நேராக ‘அமைதி காக்கவும், பளிச்சென்ற உடை வேண்டாம்’ என்று போடுகிறீர்கள். அதே தாளில் கடற்கரைக்கு நேராக ‘கேம்ப்ஃபயர், டிஜே, மணலில் ஜீப் சவாரி, விடிய விடிய’ என்று போடுகிறீர்கள். உயிரினங்களைப் பார்ப்பதற்கு ஒரு பொழுது, கடற்கரைக்கு வேறொரு பொழுது. கடற்கரையும் உயிரினங்களின் இடம்தான் என்பதற்கு அந்தத் தாளில் ஒரு வரி இல்லை.

நீங்கள் இந்த மாதங்களைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது. மழை ஓய்ந்திருக்கும், ஏரிகளில் தண்ணீர் நிற்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. வேடந்தாங்கல் மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் கூட்டில் இருக்கும். கோடியக்கரைச் சதுப்பில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து இரை வடிகட்டிக்கொண்டிருக்கும். சிக்கல் என்னவென்றால், பங்குனி ஆமை என்ற கடலாமை முட்டையிடக் கரையேறுவதும் இதே மாதங்களில்தான். நீங்கள் பறவைக்காகக் குறித்த அதே தேதியில், உங்கள் ரிசார்ட்டுக்கு முன்னால் இருக்கும் மணல் ஒரு பிரசவ அறையாக இருக்கிறது.

அது எப்படி நடக்கிறது என்பதை உங்கள் வழிகாட்டிகள் தெரிந்துகொண்டால், மைக்கில் சொல்ல நல்ல கதை கிடைக்கும். இருட்டிய பிறகு தாய் ஆமை தனியாகக் கரையேறும். அலை எட்டாத மேட்டு மணலைத் தேடிப் பிடித்து, பின்துடுப்புகளால் கிட்டத்தட்ட ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டும். நூறு முட்டைக்குக் கூடுதலாகவே இட்டு, மண்ணைத் தள்ளி மூடி, தன் உடம்பாலேயே தட்டித் தட்டிச் சமன் செய்துவிட்டுத் திரும்பிவிடும். பிறகு அந்த முட்டைகளுக்குக் காவல் மணல் மட்டும்தான். 45 முதல் 60 நாளில் பொரியும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக்கூட மணலின் சூடுதான் முடிவு செய்கிறது, சூடு கூடினால் பெண். அடும்பங்கொடி படர்ந்த மணலில் சூல்கொண்ட ஆமை முட்டையிட்டுப் புதைப்பதை நம் பழைய நெய்தல் பாட்டிலேயே பார்க்கலாம். அந்த ஊதாப் பூக்கொடியை ‘பீச் சுத்தம்’ என்ற பெயரில் வேரோடு பிடுங்கும் ரிசார்ட்டுகளும் இருக்கின்றன.

கரையேறும்போது ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் தெரிந்தால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். அது ஒரு பக்கம். குஞ்சுகளின் பாடு இன்னும் மோசம். பெரும்பாலும் இரவில்தான் மணலைக் கிளறிக்கொண்டு மேலே வரும். எந்தப் பக்கம் வெளிச்சம் கூடுதலோ அந்தப் பக்கம் ஓடும். விளக்கில்லாத கரையில் வெளிச்சமான பக்கம் கடல்தான், வானம் அங்கேதான் தாழ வந்து நீரில் மினுங்கும். உங்கள் சீரியல் பல்பும் ஃபோகஸ் லைட்டும் எரியும் கரையில் குஞ்சு சாலைப் பக்கம் திரும்பும். நாய்க்கும் நண்டுக்கும் தப்பினாலும், விடிந்ததும் வெயிலில் காய்ந்து போகும். ஜீப் ஓடிய மணலில் டயர் தடம் ஓர் அகழி. கட்டைவிரல் நீளத்தை அவ்வளவாகத் தாண்டாத குஞ்சு அதில் விழுந்தால் ஏறி வருவது பெரும்பாடு. கேம்ப்ஃபயர் மூட்டும் இடத்துக்கு அடியில் முட்டைகள் இருக்கின்றனவா என்று பார்க்க நமக்கு வழியே இல்லை.

பழியை எல்லாம் உங்கள் தலையில் கட்டவில்லை. 2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, சந்தேகம் முதலில் போனது இழுவை வலைகளின் மேல்தான். மூச்சுவிட மேலே வர முடியாமல் வலைக்குள் மூழ்கிச் சாகிற ஆமைகள் அவை. அந்த வலையில் சிக்காமல் தப்பி வருபவை ஏறுகிற கரையில்தான் உங்கள் ஸ்பீக்கர் இருக்கிறது.

சட்டமும் உங்கள் பிரிவினையை ஒப்புக்கொள்ளவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பங்குனி ஆமை முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியும் கோடியக்கரை வெளிமானும் இருக்கும் அதே அட்டவணை. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலும் ஆமை முட்டையிடும் கரைகள், மணல்மேடுகள், அலையாத்திக் காடுகள் மூன்றுக்கும் ஒரே உயர்ந்த பாதுகாப்பு. பிச்சாவரத்துப் படகில் கிளையை ஒடிக்காதே என்று அதட்டுகிறீர்களே, அதே அதட்டல் மணல்மேட்டுக்கும் பொருந்தும்.

என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். பொழுதை மாற்றுங்கள். குளியல், பந்து, பாட்டு, கூச்சல் எல்லாம் பகலில் இருக்கட்டும், யாரும் தடுக்கப்போவதில்லை. இருட்டியதும் கடல் பக்க விளக்குகளை அணைக்கச் சொல்லி ரிசார்ட்டிடம் எழுதி வாங்குங்கள். மொத்தமாக அறை எடுப்பவர் நீங்கள், உங்கள் பேச்சுக்கு அங்கே எடை இருக்கிறது. அணைக்க முடியாத விளக்கைத் தாழ்த்தி, கடல் பக்கம் மறைப்புப் போடலாம். டிஜேயை ரிசார்ட்டின் உள்முற்றத்துக்கு மாற்றலாம். ஜீப் சவாரியை மட்டும் அட்டவணையிலிருந்தே எடுத்துவிடுங்கள். அதற்கு நல்ல நேரம் என்று ஒன்று கிடையாது.

காலியான அந்த இரவை விற்கவும் வழி உண்டு. சென்னையில் 1988 முதல் மாணவத் தன்னார்வலர்கள் இரவில் கரையோரம் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்த்துவருகிறார்கள். பொதுமக்களையும் உடன் அழைத்துப் போவார்கள். கரையோர மாவட்டங்களில் வனத்துறையின் பொரிப்பகங்களும் இருக்கின்றன. அனுமதி கேட்டு, சிறு குழுவாக, டார்ச்சும் ஃப்ளாஷும் இல்லாமல் போய்ப் பாருங்கள். குஞ்சுகளைக் கடலில் விடும் பொழுதில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். எந்த டிஜேயும் அதைத் தராது. ஒன்று மட்டும், ஆமையைக் காட்டுவோம் என்று உறுதி கொடுத்துவிடாதீர்கள். வராத இரவுகள்தான் அதிகம். பாக் விரிகுடாவில் 2022-இல் கடற்பசுவுக்காக 448 சதுர கிலோமீட்டரில் காப்பகம் அறிவித்தார்கள் என்பதற்காக, ‘கடற்பசு தரிசனம்’ என்று யாரும் கிளம்பவும் வேண்டாம். படகு விரட்டினால் அதன் கடற்புல் மேய்ச்சல்தான் கெடும்.

பூநாரைக்கு மேல் ட்ரோன் பறக்கவிடுவதையும் இதோடு நிறுத்திவிடலாம். கூட்டமாக எழும்பும்போது படம் அழகாகத்தான் இருக்கும். திரும்பிப் பறப்பதற்காகச் சேர்த்துவைத்த தெம்பைத்தான் பறவை ஒவ்வொரு முறையும் செலவழிக்கிறது.

வேடந்தாங்கல் கதையை உங்கள் வழிகாட்டிகள் எல்லாரும் சொல்கிறார்கள்: பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டார்கள், ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் நின்றார்கள், 1798-இல் உத்தரவு வாங்கி வந்தார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். தங்களுக்குச் சோறு போடுகிற பறவைக்காக அவர்கள் பேசினார்கள். இந்தக் கரையில் சோறு கிடைப்பது உங்களுக்கு. ரிசார்ட் முதலாளியிடமும் ஊராட்சியிடமும் விளக்கை அணைக்கச் சொல்லி முதலில் கேட்க வேண்டியவர்களும் நீங்கள்தான்.

அடுத்த தை மாதத்துக்கான அட்டவணை இன்னும் அச்சுக்குப் போயிருக்காது என்று நம்புகிறேன். ‘இரவு 7 மணிக்கு மேல் கடல் பக்கம் விளக்கில்லை’ என்ற வரியோடு முதலில் யார் அச்சடிக்கிறீர்களோ, அவர்கள் வண்டியில் எங்கள் வீட்டு ஆட்கள் அத்தனை பேருக்கும் இடம் போட்டுவையுங்கள். முன்பணம் அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஜன்னலோர இருக்கைக்கு எப்போதும் சண்டை போடும் ஒரு பயணி