போர்ட் திறக்காத மர்மத்தை உடைத்த அண்ணனுக்கு நன்றி

பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் அண்ணன் என்றே எழுதுகிறேன். பழைய லேப்டாப்பில் மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் போட்டு, ரவுட்டரில் 25565 போர்ட்டை (அந்த விளையாட்டுக்கான இணைப்பு வாசல்) லேப்டாப்புக்கு ஃபார்வர்ட் செய்து, லேப்டாப்புக்கு மாறாத உள் ஐபி கொடுத்து, ஃபயர்வாலிலும் வழிவிட்டாயிற்று. வீட்டு வைஃபையில் ஜோராக ஓடுகிறது, வெளியிலிருந்து நண்பர்கள் வந்தால் மட்டும் 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்'. கஸ்டமர் கேரில் கேட்டால் ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள். அவ்வளவுதான்.

அண்ணன் அந்த ஃபார்வர்ட் ரூலைத் தொடவே விடவில்லை. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இருக்கும் வான் (WAN) ஐபியையும், அதாவது இணையக் கம்பெனி ரவுட்டருக்குத் தரும் முகவரியையும், ஐபி காட்டும் தளம் ஒன்றில் வருவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார். முதலாவது 100.72 என்று தொடங்கியது, இன்னொன்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சரி, இது சிஜிநாட் (CGNAT), இணையக் கம்பெனி பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கும் முறை என்றார். 100.64 முதல் 100.127 வரையான வரிசையை 2012இல் இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள்; பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபி, நம் ரவுட்டரில் எதைத் திறந்தாலும் கம்பெனியின் வாசல் மூடியேதான் இருக்கும்.

நிலையான ஐபி வேண்டுமென்றால் மாதா மாதம் தனிக் காசு. சின்னக் கூட்டம்தானே, டெயில்ஸ்கேல் (நம் கருவிகளை இணையம் வழியே ஒரு தனி வலையமைப்பாகச் சேர்க்கும் மென்பொருள்) போதும் என்று கூடவே இருந்து போட்டுக் கொடுத்தார். வேடிக்கை, அதுவும் இதே 100 வரிசையிலிருந்துதான் முகவரி தருகிறது! அப்புறம், வெளி இணைப்பை மொபைல் டேட்டாவில்தான் சோதிக்க வேண்டும், டிஎம்இசட் (எல்லா போர்ட்டையும் ஒரே கணினிக்குத் திறந்துவிடும் ரவுட்டர் வசதி) பக்கமே போகக்கூடாது என்று ஒரு அதட்டல் வேறு. ரொம்ப நன்றி அண்ணா, சர்வரில் நுழைய அனுமதி உள்ளவர்களின் வைட்லிஸ்ட்டில் உங்கள் பெயரைச் சேர்த்துவிட்டேன், எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்.